எல்லை வீட்டு நெருப்பு

லாரிச் சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்போதே வேவா தொட்டியின் தகர மூடியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இறங்க இறங்க விட்டுப்போன வளையங்கள் வெள்ளையடித்த சுவரில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. பதினாறாயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டியின் அடியில் ஒரு சாண் கலங்கல். அதில் ஒரு தவளை உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தது.

"நீயும் லாரிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கியா? இரு, வந்துட்டான்" என்றாள்.

அந்த வருஷம் சூசையப்பர் திருநாளன்று ஒரு தூறல்கூடப் போடவில்லை. மார்ச் மாதத்தில் அந்த ஒரு நாள் வானம் கைவிரித்தால் வருஷம் முழுக்கக் கைவிரிக்கும் என்பது ஜுருபேபா முள்ளுக்காட்டில் ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் ஆயிற்று. ஏப்ரலில் ஓடை வரவில்லை. மே மாதத்தில் காடு இலையெல்லாம் கொட்டிச் சாம்பல் நிறத்தில் நின்றது. வேவா கள்ளியை வெட்டி, முள்ளை நெருப்பில் பொசுக்கி, இருபத்துமூன்று ஆடுகளுக்கும் போட்டுக் காலத்தை ஓட்டினாள். தீனிக்காவது கள்ளி இருந்தது. தண்ணீருக்கு என்ன செய்வது? மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணற்றில் உப்புத் தண்ணீர். அதைக் குடித்த இரண்டு குட்டிகள் கழிந்து கழிந்தே செத்துப்போயின.

ஆட்டு வியாபாரி ஜூன் கடைசியில் வரும் இராயப்பர் திருநாள் முடிந்த மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தான். இன்னும் ஐந்து நாள். அதற்குள் தொட்டியில் தண்ணீர் விழுந்தால் அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பலாம். விழாவிட்டால் அவன் சொல்வதுதான் விலை. ஆடு போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. சாவ் பாவுலோவில் மகன் ஜைல்சனின் ஒற்றை அறையில், மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மூலையில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

லாரி வந்தது. வேகம் குறைந்தது. தொட்டியைத் தாண்டிப் போய் நின்றது. லாரி ஓட்டும் அடெர்பால் இறங்கினான். குழாயை எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

"என்னண்ணே, தொப்பியைக் கழட்டுற? யாரு செத்தா?"

"யாரும் சாகல. தங்கச்சி, நீ லிஸ்ட்ல இல்ல."

"எந்த லிஸ்ட்ல?"

"தண்ணி லிஸ்ட்ல. புது மேப்பு போட்டிருக்காங்க. உன் வீடு பக்கத்து ஊர் மரிசெய்ராவுல வருதாம்."

வேவாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நான் எங்கயும் போகலையேண்ணே. இங்கேயேதான இருக்கேன்."

"நீ போகல. கோடு போயிருச்சு."

"சரி, கோடு போகட்டும். நீ குழாயை எடு."

அடெர்பால் தலையைச் சொறிந்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு அருளப்பர் திருநாளில் இருவரும் கைகோத்துக்கொண்டு, ஊர் வழக்கப்படி திருநாள் நெருப்பை மூன்று தரம் தாண்டி, அண்ணன் தங்கையாக ஆனவர்கள். கூடப் பிறந்தவர்களோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். நெருப்பைத் தாண்டி எடுத்த உறவை அப்படி உதறிவிட முடியாது. அந்த ஊரில் யாரும் உதறியதும் இல்லை. அதனால்தான் அவனால் லாரியை நிறுத்தாமல் போக முடியவில்லை.

"வண்டியில ஒரு பெட்டி மாட்டியிருக்கான்மா. எங்க நின்னு எங்க ஊத்துறேன்னு அது போட்டுக் குடுத்துரும். லிஸ்ட்ல இல்லாத எடத்துல ஊத்தினா அந்த டிரிப்புக்குக் கூலி கெடையாது. இன்னொரு தடவை ஊத்தினா வண்டியே கெடையாது. எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க."

"ஒரு குடம்?"

அவன் லாரிக்குப் போய் தன் குடிதண்ணீர்க் கேனை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தான். அஞ்சு லிட்டர். "இது என்னோடது. பெட்டிக்குத் தெரியாது" என்றான்.

மறுநாள் காலையில் வேவா இருப்பதிலேயே நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனில் ஜுருபேபா நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். நகராட்சிக்கு இருபத்தொன்பதாம் தேதி பிறந்தநாள். அறுபது வயது. அலுவலகம் முழுக்க வண்ணக் காகிதக் கொடிகள் கிடந்தன. உட்கார ஒரு நாற்காலி இல்லை. எல்லா நாற்காலியிலும் கொடி. லூசிமார் என்ற இளம் எழுத்தர் பசைக் கையோடு கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"இது எல்லைக்கோடு, உங்க வீட்டு நடுவுல போகுது. இந்தப் பச்சைப் புள்ளி உங்க வீடு. புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குல்ல? அப்போ நீங்க மரிசெய்ராதான்க்கா."

வேவா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "அது என் வீடு இல்லடி. என் கொல்லைப்புறம். கோழிக் கூண்டுக்குப் பக்கத்துல."

"சர்வேயர் வச்ச புள்ளி. நான் நகர்த்த முடியாது."

"அந்தச் சர்வேயரா! மூணு கால் குச்சியைத் தூக்கிட்டு வந்தானே. காப்பி குடுத்தேன், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி குடுத்தேன். கொல்லையில உக்காந்து தின்னுட்டுத்தான போனான்? அவன் உக்காந்த எடத்துலயே புள்ளியை வச்சிட்டானா?"

"மரிசெய்ராவுல போய்க் கேளுங்கக்கா. அவங்களும் தண்ணி குடுக்கிறாங்க."

மரிசெய்ரா பெரிய ஊர், தாய் ஊர். அறுபது வருஷத்துக்கு முன்பு ஜுருபேபா அதிலிருந்துதான் பிரிந்தது. மரிசெய்ராக்காரர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. பதினெட்டுக் கிலோமீட்டர். வெங்காய வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு போனாள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு மனிதர் அவளுடைய காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்.

"கரண்டு பில்லு ஜுருபேபா. ஓட்டு ஜுருபேபா. புருஷன் இறப்புச் சான்று ஜுருபேபா. எங்க ஊர்ல உங்களுக்கு என்னம்மா இருக்கு?"

"அடுப்படி இருக்குங்க. கோழி இருக்கு. புள்ளி இருக்கு."

"எங்ககிட்ட புள்ளி இல்லையே. இவங்க எங்க ஊர் ஆள் இல்ல, போயிட்டாங்கன்னு ஜுருபேபாவுல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. செப்டம்பர் கூட்டத்துல வைப்போம்."

"செப்டம்பர்ல என் ஆடெல்லாம் யாரு வீட்டுச் சட்டியிலயோ இருக்கும்."

அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அதற்கு மேல் பேச்சு இல்லை என்று அர்த்தம்.

மதியம் இரண்டு மணிக்கு அவள் மறுபடி லூசிமார் முன்னால் நின்றாள். காலையிலிருந்து வயிற்றில் ஒரு காப்பியைத் தவிர ஒன்றுமில்லை. நல்ல பாவாடையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

"நான் உங்க ஊர் ஆள் இல்லன்னு ஒரு கடிதம் குடு."

லூசிமார் உதட்டைக் கடித்தாள். "குடுக்க முடியாதுக்கா. நீங்க எங்க ஊர் ஆளா இருந்தாத்தான் நாங்க உங்களுக்குக் கடிதம் குடுக்க முடியும்."

வேவா ஒரு நாற்காலியிலிருந்த காகிதக் கொடிகளை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் போட்டாள். உட்கார்ந்தாள். காலை நீட்டிச் செருப்பைக் கழற்றினாள். "சரிம்மா. நான் எந்த ஊரும் இல்ல. இந்த நாற்காலியில இருக்கேன். நாற்காலி எந்த ஊரோ அந்த ஊரு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை. மூன்று மணியாயிற்று, மூன்றரையாயிற்று. வருகிறவர்களெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லூசிமாருக்கு வேலை ஓடவில்லை. அவள் அம்மாவும் வேவாவும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அந்த உறுத்தல் வேறு.

கடைசியில் அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழைய கட்டுப்புத்தகத்தை எடுத்துவந்தாள். செல்லரித்த அட்டை. ஊர் பிரிந்தபோது எழுதிய நடவடிக்கைக் குறிப்பு. பிறந்தநாளன்று மேடையில் படிக்க நகராட்சியின் வரலாறு எழுதும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது.

"சர்வேயர் ஏன் அங்க புள்ளி வச்சாருன்னு எனக்குத் தெரியும்க்கா. இதைப் பாத்துத்தான். கேளுங்க. 'எல்லைக்கோடு வீட்டின் மேலேயே விழுமானால், அவ்வீட்டார் ஜூன் மாதத் திருநாளில் எந்தப் பக்கம் நெருப்பு மூட்டுகிறார்களோ, அவ்வீடு அந்தப் பக்கத்துக்கு உரியது.' அன்னிக்குக் கோட்டு மேல நாலு வீடு. நாலு பேரும் ஜுருபேபாப் பக்கம் தீ மூட்டினாங்களாம். உங்க மாமனாரும் ஒருத்தரு. பிறந்தநாளுக்கு எல்லையில கட்டுற ஆர்ச்சுல எழுதப்போறது அதைத்தான். 'நெருப்பால் தேர்ந்தெடுத்த ஊர்.'"

"நாங்க இப்பவும் மூட்டுறோமே."

"எங்க மூட்டுறீங்க?"

வேவா நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டாள். கொல்லையில்தான் மூட்டினாள். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் நகராட்சி முன்வாசலுக்கு மேலே மின்கம்பி இழுத்தது. கம்பிக்கு அடியில் தீ மூட்டினால் ஊரோடு இருட்டிவிடும் என்று அவள் புருஷன் ஒலெகாரியோ கட்டைகளைக் கொல்லைக்கு மாற்றினான். அடுத்த வருஷம் அவன் செத்துப்போனான். அவளும் அங்கேயே மூட்டிக்கொண்டிருந்தாள். சர்வேயர் காப்பி குடித்தது அந்தச் சாம்பல் வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

"கம்பி போட்டது நீங்க. அதுக்குப் பயந்து தீயை மாத்தினது நாங்க. தண்ணியை நிறுத்துறது மறுபடி நீங்க. நல்லா இருக்குடி நியாயம்!"

"நான் என்னக்கா பண்ணட்டும்? அடுத்த அருளப்பர் திருநாளுக்கு முன்வாசல்ல மூட்டுங்க. படம் எடுத்துப் புள்ளியை மாத்திருவோம்."

"அடுத்த ஜூன்லயா?" வேவா எழுந்து மேஜைமேல் கையூன்றினாள். "இரு. அதுல அருளப்பர்னு எழுதியிருக்கா? ஜூன் மாதத் திருநாள்னுதான படிச்ச? அந்தோணியார் முடிஞ்சாச்சு. அருளப்பர் முடிஞ்சாச்சு. இராயப்பர் இருக்காரே. நாளன்னிக்குச் சாயங்காலம், திருநாளுக்கு முந்தின ராத்திரி, அவரோட தீ."

லூசிமார் தயங்கினாள். "இராயப்பர் தீ... அது விதவைங்க மூட்டுறது இல்லையாக்கா?"

"நான் யாருடி?"

புருஷன் போன பெண்கள் இராயப்பருக்குத் தீ மூட்டுவது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. வேவா நாலு வருஷமாக மூட்டவில்லை. ஒலெகாரியோவின் அருளப்பர் தீயையே கொல்லையில் மூட்டிவந்தாள். வாசலில் மூட்டினால் அவன் இல்லை என்று தானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பிடிவாதம். இப்போது தண்ணீருக்காக அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது.

"சரிக்கா" என்றாள் லூசிமார். "நான் வர்றேன். வாசல் தெரியணும், தீ தெரியணும், நீங்க தெரியணும். படம் எடுத்து அன்னிக்கே புள்ளியை மாத்த அனுப்புறேன். மறுநாள் லாரி வரும்."

இருபத்தெட்டாம் தேதி விடிந்ததிலிருந்து வேவா கட்டை தேடினாள். காட்டில் காய்ந்த சுள்ளி உண்டு. நின்று எரியக் கனமான கட்டை வேண்டும். கடைசியில் ஆட்டுப்பட்டியின் வேலியிலிருந்து தடித்த கழிகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தாள். ஒரு பக்க வேலி முழுவதும் போயிற்று. தண்ணீர் வந்தால் ஜைல்சனைக் கூப்பிட்டுப் புதுவேலி போட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் பட்டிக்கு வேலி எதற்கு? ஆடுகள் ஜுவா மர நிழலில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தன. வேலி போனதைக் கவனிக்கிற நிலைமையில் அவை இல்லை.

இடம்தான் சிக்கல். வாசலின் வலது பாதி மின்கம்பிக்கு அடியில் இருந்தது. இடது பக்கம், பாதைக்குக் குறுக்கே, நகராட்சி பிறந்தநாளுக்குக் கட்டிய வளைவு. இரண்டுக்கும் நடுவில் பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அங்கே கழிகளை இராயப்பருக்கு உரிய முறையில் முக்கோணமாக, இடுப்பு உயரத்துக்கு அடுக்கினாள். வளைவில் ஏணிமேல் நின்று மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி கீழே பார்த்துக் கத்தினார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி அடுக்கக்கூடாதா? பெயின்ட் காயல."

"எங்க தள்ள? அங்க தள்ளினா கம்பி. இங்க தள்ளினா உங்க ஆர்ச்சு. பின்னால தள்ளினா மரிசெய்ரா. உங்க ஆர்ச்சைத் தள்ளி வைங்க."

மேஸ்திரி சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். நாலு மணிக்கு ஆட்கள் வளைவிலிருந்து பாதையோரக் கம்பம் வரை காகிதக் கொடிச் சரங்களைக் கட்டினார்கள். பச்சை, சிவப்பு, நீலம். அதில் ஒரு சரம் வேவா அடுக்கிய கட்டைகளுக்கு நேர் மேலே ஓடியது. அதைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொன்னாள். "ஏணி ஒண்ணுதான்மா, மேஸ்திரி விட்டதும் கட்டுறோம்" என்றார்கள். யாரும் கட்டவில்லை.

ஐந்து மணிக்கு அடெர்பாலின் லாரி வந்து அவள் வாசலில் நின்றது. வேவா ஓடினாள். லாரித் தொட்டி நிறைய ஏழாயிரம் லிட்டர், மூடியோரத்தில் தளும்பிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாத்திட்டாங்களாண்ணே? அதுக்குள்ளயா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "இல்லம்மா. நாளைக்குத் திறப்பு விழா. தூசி பறக்கக்கூடாதாம். ரோட்டை நனைக்கணும், ஆர்ச்சைக் கழுவணும்."

"ரோட்டுக்கு லிஸ்ட்டு உண்டா?"

"உண்டு தங்கச்சி. ரோட்டுக்கு உண்டு."

அவள் திரும்பி நடந்தாள். நின்றால் அவனை அடித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அவனுடைய மூன்று பெண்பிள்ளைகளில் மூத்தவளுக்கு அவள்தான் ஞானத்தாய்.

லூசிமார் மோட்டார் சைக்கிளில் வந்தாள். பொழுது சாய்ந்ததும் வேவா படத்துக்காக நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு வந்து சுள்ளியில் தீ வைத்தாள். காய்ந்த வேலிக்கழி குப்பென்று பிடித்தது. "ஒலெகாரியோ, இது உனக்குத்தான். இராயப்பரே, அவன் இல்லாத வீட்டுத் தீ இது" என்று சத்தமாகச் சொன்னாள். அழுகை வந்தது, அழவில்லை. படத்தில் தெரியணுமே என்று வாசலையும் தீயையும் பார்த்து நிமிர்ந்து நின்றாள். லூசிமார் செல்போனில் இரண்டு படம் எடுத்தாள்.

"முகம் தெளிவா இருக்குக்கா. வாசலும் தெரியுது. அனுப்புறேன்... சிக்னல் இல்ல. மேட்டுக்குப் போய் அனுப்பிடறேன்."

அப்போதுதான் மேயரின் செயலாளர் எவரார்டோவின் கார் வந்தது. ஏற்பாடுகளைப் பார்க்க வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் காரிலிருந்து இறங்கிய நேரத்தில் மேற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பியது. தீ சாய்ந்தது. மேலே ஓடிய கொடிச் சரத்தில் ஒரு கொடி பிடித்தது, அடுத்தது பிடித்தது, எண்ணி முடிப்பதற்குள் நெருப்பு வளைவுவரை ஓடிவிட்டது. ஆட்கள் சரத்தை அறுத்துக் கீழே இழுத்து மிதித்தார்கள். வளைவில் ஒரு முழத்துக்கு மஞ்சள் பெயின்ட் கறுத்துப் பொரிந்துபோயிருந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் எரியவில்லை.

"எவ இங்க தீ வச்சது?" எவரார்டோ கத்தினார். "விடிஞ்சா மாநிலத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க! அடெர்பால், அந்த நெருப்பை அணை!"

வேவா தீக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றாள். "ஐயா, கொடி அணைஞ்சுபோச்சு. இது இராயப்பர் தீ. எங்க ஊர் இதுன்னு காட்டத்தான் மூட்டியிருக்கேன். இந்தப் பொண்ணைக் கேளுங்க, புத்தகத்துல இருக்கு."

"எந்தப் புத்தகம்? அணைடா!"

"சரி ஐயா, நானே அணைக்கிறேன். இதுக்கு ரெண்டு வாளி போதும். மிச்சத்தை என் தொட்டியில ஊத்தச் சொல்லுங்க. அதோ, மூடியைத் திறந்தே வச்சிருக்கேன்."

"லிஸ்ட்ல இல்லாத வீட்டுத் தொட்டியில நான் எப்படிம்மா ஊத்தச் சொல்றது? நாளைக்கு எவனாவது கேட்டா யாரு பதில் சொல்றது? அடெர்பால், உனக்குக் காது கேக்கலையா? வண்டிச் சாவியை இங்க வச்சிட்டு வீட்டுக்குப் போறியா?"

அடெர்பால் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். வேவாவின் தோளைத் தொட்டு மெல்ல ஒதுக்கினான். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வால்வைத் திறந்தான். ஏழாயிரம் லிட்டரும் அவள் வாசலில் கொட்டியது. முதல் வீச்சிலேயே தீ அணைந்துவிட்டது. எவரார்டோ நிறுத்தச் சொல்லவில்லை. "கங்கு இருக்கும், ஊத்து. அப்படியே ரோட்டையும் நனை" என்றார். வேலிக்கழிகள் உருண்டன. சாம்பல் கரைந்து கறுப்பு ஓடையாக வளைவுக்கு அடியில் புகுந்து மரிசெய்ராப் பக்கம் ஓடியது. வேவா கையை நீட்டினாள், பிறகு கையைக் கீழே போட்டாள். இரண்டு கையால் எதைப் பிடிக்க முடியும்?

எவரார்டோ லூசிமாரைக் கூப்பிட்டார். "நீ என்ன படம் எடுத்த? காட்டு." பார்த்தார். "பின்னாடி ஆர்ச்சும் தீயும் ஒண்ணாத் தெரியுது. இது வெளிய போச்சுன்னா நம்ம மானம் போயிரும். அழி."

"சார், இது அவங்க வீட்டுப் புள்ளிக்கு..."

"அழின்னு சொன்னேன்."

லூசிமார் வேவாவைப் பார்த்தாள். அழித்தாள். "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்க்கா" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

கார் கிளம்புவதற்கு முன் எவரார்டோ அடெர்பாலைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அடெர்பால் ஒரு அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வேவாவிடம் வந்தான். அவன் கால் இரண்டும் சேற்றில் புதைந்திருந்தன.

"ரோட்டுக்கு எழுதினது அரை லோடுதானாம். முழு லோடும் போயிருச்சு. மிச்சத்துக்கு ஒரு வீட்டுல கையெழுத்து வேணுமாம். இல்லன்னா என் கூலியில பிடிப்பாங்களாம், வண்டியையும் நிறுத்திடுவாங்களாம்." பேனாவை நீட்டினான். "கிட்டத்துல உன் வீடுதான் இருக்கு. உன்கிட்ட வாங்கச் சொல்லிட்டாரு."

வேவா அட்டையைப் பார்த்தாள். மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் குடிநீர், வீட்டில் பெற்றுக்கொள்ளப்பட்டது.

"அப்போ நான் லிஸ்ட்ல இருக்கேனா?"

அடெர்பால் தலையைக் குனிந்தான். "இந்த ஒரு தடவைக்கு மட்டும்னு சொன்னாரு."

வேவா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கையிலிருந்த கரி காகிதத்தில் ஒட்டியது. "உன் மூத்தவளுக்காகப் போட்டேன். உனக்காக இல்ல. போயிரு" என்றாள். அவன் போய் லாரியில் ஏறினான். காலி லாரி தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மேடேறியது.

மேஸ்திரி ஏணியை நகர்த்திக்கொண்டே கேட்டார். "அம்மா, இந்தக் கரியைத் துடைக்கணும். லாரியும் போயிட்டான். ஒரு வாளி தண்ணி இருந்தாக் குடுங்களேன்."

வேவா பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியில்லாத பட்டியிலிருந்து ஆடுகள் வந்துவிட்டிருந்தன. இருபத்துமூன்றும் லாரிச் சக்கரம் அழுத்திய பள்ளத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக முழங்காலிட்டு, சாம்பல் கலந்த தண்ணீரைச் சத்தம் போட்டு உறிஞ்சின. அவள் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு வாளியும் ஈயத் தட்டும் எடுத்துவந்தாள். இரண்டு ஆடுகளை முழங்கையால் நெட்டித் தள்ளிவிட்டு, நல்ல பாவாடையோடு சேற்றில் மண்டியிட்டு, தட்டால் வழித்து வழித்து வாளியில் ஊற்றினாள். நாலாவது தட்டுக்குப் பள்ளத்தில் கறுப்புச் சேறு மட்டும்தான் வந்தது.